மாட்டு வாயில் விட்ட கை

ஜூன் 3, திங்கள்

எங்கள் மாடு செவலை நேற்று மாலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. தவிட்டுத் தண்ணீரை முன்னால் வைத்தால் மூக்கை நனைத்துவிட்டு நிற்கிறது. வாயில் நூல் நூலாக எச்சில் வடிகிறது. என் முந்தானையாலேயே நாலைந்து தடவை துடைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாளாக மேற்குப் பக்கம் முள்வேலி கட்டுகிறார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கீறல். மருந்து போடச் சொன்னால், "முள்ளு கீறுனதுக்கெல்லாம் மருந்தா?" என்பார். ஊரில் யார் வீட்டில் மாடு படுத்துவிட்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையில், மாட்டு டாக்டர் என்று ஒருவர் இருப்பதையே இவர் ஒப்புக்கொள்வதில்லை.

வந்து பார்த்தார். "தொண்டையில மாங்கொட்ட சிக்கியிருக்குது" என்றார். வாயைத் திறந்து முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். மாங்கொட்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மாடு தலையை உதறியதில் கடைவாய்ப் பல் உரசி, மணிக்கட்டில் தோல் வழன்றுவிட்டது. தொட்டித் தண்ணீரில் கையை அலசித் துண்டில் துடைத்துக்கொண்டு டீ கேட்டார்.

மாலைப் பால் ஒன்றரை லிட்டர்தான். சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். ரேஷன் கடையில் பருப்பு இன்னும் வரவில்லையாம். இத்தோடு மூன்றாவது நடை.

ஜூன் 4, செவ்வாய்

செவலை கத்துகிறது. மாடு கத்துகிற மாதிரி இல்லை, தொண்டை கட்டிய ஆள் அலறுகிற மாதிரி இருக்கிறது. தலையைத் தூணில் வைத்து முட்டிக்கொண்டே நிற்கிறது. இவர் இஞ்சியும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்தார். உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. காலைப் பால் முக்கால் லிட்டர் இருந்தது, ஊற்றினேன். மாலையில் மடி வற்றிவிட்டது.

பகலில் இரண்டு பேரும் கீழ்க்காட்டில் மஞ்சள் நடவுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் மாட்டுக் கயிறு வேறு மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. இவரைக் கேட்டால், "நீதான் கட்டியிருப்பே" என்கிறார். இந்த வீட்டில் எது நடந்தாலும் நான்தான்.

ஜூன் 5, புதன்

இவர் காட்டுக்குப் போனதும் நானே மாட்டு டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன். டாக்டர் பிருந்தா, சின்ன வயதுப் பெண். வண்டியை நிறுத்தியவர், கட்டுத்தறிக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். மாட்டைப் பார்த்தார், கத்துவதைக் கேட்டார். "ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள நாய் ஏதாச்சும் கடிச்சுதாங்கம்மா?" என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சித்திரையில் ஒரு நாள் எங்கிருந்தோ வந்த சொறிநாய் கட்டுத்தறிக்குள் புகுந்து செவலையின் மூக்கைக் கவ்வியது. மஞ்சள் தூளை அப்பிவிட்டோம். இரண்டு நாளில் காய்ந்தது, மறந்துவிட்டோம்.

"அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருந்தா மாட்டுக்கே ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாமேம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இதற்குள் இவர் காட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். டாக்டர் இவரைப் பார்த்து, "இது வெறிநோய் மாதிரிதாங்க இருக்கு. தொண்டை அடைச்ச மாதிரித்தான் தெரியும். எல்லாரும் கைய விட்டுப் பாத்துருவாங்க. நீங்க யாராச்சும் மாட்டு வாயில கைய விட்டீங்களா?" என்றார்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "இல்லீங்க" என்றார்.

டாக்டர் போன பிறகு பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, டாக்டரம்மாகிட்ட எதுக்குப் பொய்யி?" முள்வேலிக்குக் கம்பி பத்தாது என்று டவுனுக்குப் போய்விட்டார்.

ஜூன் 6, வியாழன்

செவலை செத்துப்போயிற்று. டாக்டரம்மாவின் ஆட்கள் உறை மாட்டிக்கொண்டு வந்து பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பொக்லைன் வைத்து ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். மஞ்சள் குங்குமம் வைக்கக்கூட என்னைக் கிட்டே விடவில்லை. ஏழு வருஷம் என் கையால் தண்ணீர் குடித்த மாடு.

ஜூன் 7, வெள்ளி

ஊருக்கே செய்தி பரவிவிட்டது. காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் முப்பது பேர். எங்கள் ஊஞ்சக்காட்டுவலசில் பாதி வீடு சொசைட்டிப் பாலைத்தான் வாங்குகிறது, டீக்கடையும் அதே பால்தான். "எங்க எல்லாத்துக்கும் நாய்க்கடி ஊசி போட்டாகோணும்" என்று ஒரே கூச்சல். பக்கத்துத் தோட்டத்து மாரப்பண்ணன்தான் முன்னால் நின்று கத்துகிறார். அவரும் மாட்டுக்குக் கை வைத்தியம் பார்ப்பவர். அதனாலேயே எங்கள் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் எந்தக் காலத்திலும் ஆகாது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? டெம்போவை வரவழைத்து, அத்தனை பேரையும் தானே கைபிடித்து ஏற்றி, குழந்தைகளுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போய், தான் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். ஜூன் மாத வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான்.

டாக்டர் இளம்பரிதி பொறுமைசாலி. "பாலைக் காய்ச்சித்தான குடிச்சீங்க?" "ஆமாங்க." "அப்ப ஒண்ணும் ஆகாது, போங்க." இதையே முப்பது தரம் சொன்னார். டீ குடித்தவருக்கும் சொன்னார், தயிர் சாதம் சாப்பிட்டவருக்கும் சொன்னார். முன்னாள் வார்டு மெம்பர் பங்குனி மாதம் குடித்த மோருக்கு ஊசி கேட்டார். கருப்பராயன் கோயில் பூசாரி ராக்கியப்பன், சாமிக்கு ஊற்றிய பாலுக்குப் பரிகாரம் உண்டா என்று டாக்டரிடமே கேட்டார்.

கடைசியில் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, "பாலை விடுங்க. அந்த மாட்டு எச்சில் காயத்துல பட்டவங்க, வாயில கை விட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? அவங்களுக்குத்தான் ஊசி வேணும்" என்றார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. காலையிலிருந்து ஓயாமல் கத்திய மாரப்பண்ணன்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜன்னல் வழியாக இவரைப் பார்த்தேன். வேப்பங்குச்சியால் பல் குத்திக்கொண்டு நிற்கிறார்.

ஊசி தேவையில்லாத முப்பது பேரைக் கூட்டிவந்துவிட்டு, தேவைப்பட்ட ஒரே ஆள் வெளியே நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வேப்பமரத்தையே பிடுங்கியிருப்பேன்.

ஜூன் 8, சனி

எது நடக்கக் கூடாதோ அது நடந்துவிட்டது.

காலையில் கருப்பராயன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மாரப்பண்ணன் எழுந்து, "திங்கக்கெழமையே மாடு தீனி எடுக்கல. இந்தச் சென்னியப்பனா, ஊரு மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறவன். வாயில கைய விட்டுப் பாக்காமயா இருந்திருப்பான்? பாத்துப்போட்டு, சீக்குன்னு தெரிஞ்சேதான் செவ்வாய்க்கெழம வரைக்கும் பாலு ஊத்தியிருக்கறாங்க" என்றார்.

பால் ஊற்றியது நான். இவர் இல்லை. ஆனால் எல்லோரும் இவரைத்தான் பார்த்தார்கள்.

"நான் கையும் வுடல, எனக்குச் சீக்குன்னும் தெரியாது" என்றார் இவர்.

"அப்ப சூடம் அணைச்சுச் சொல்லு."

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டிவிட்டார். இவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "கருப்பராயன் மேல சத்தியமா நான் மாட்டு வாயில கை வுடல" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டார். முழுக்கைச் சட்டையின் நுனி கருகியது.

சீக்கென்று தெரியாது என்பது நிஜம். அதற்கு மட்டும் சத்தியம் பண்ணியிருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பொய்க்குப் பண்ணிவிட்டு வந்து, கூழ் கரைக்கச் சொல்கிறார். கரைத்தேன். உப்புப் போடவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை. அதையும் குடித்துவிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

பேசிப் பார்த்தேன்.

"ஊசி போட்டுக்கலாம் வாங்க. யாருக்கும் தெரியாம வேற ஊரு ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம்."

"கருப்பராயனுக்கு ஊரு எல்லை இருக்குதா? ஊசி போட்டுக்கிட்டா சத்தியம் பொய்யின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அது குடும்பத்தத்தான் தாக்கும். உன்னயோ, புள்ளையையோ."

"ஒத்துக்காம இருந்தா தாக்காதா?"

இன்னொரு பக்கமாக வந்தேன். "சரி, மாட்டுப் பேச்சே வேண்டாம். நாயி கடிச்சுதுன்னு சொல்லிப் போட்டுக்கங்க. ரெண்டுக்கும் ஒரே ஊசிதான்."

"எந்த நாயி?"

"ஏதோ ஒரு நாயி."

"நம்மூர்ல பதினோரு நாயி இருக்குது. எதுமேல பழியப் போடறது? மறுநாளே கல்லாலயே அடிச்சுக் கொன்னுபோடுவானுக."

கட்டிய பொண்டாட்டி மேல் இல்லாத கரிசனம் தெருநாய் மேல் இருக்கிறது. துணி துவைத்தேன். விரல் நுனியெல்லாம் வெடித்துச் சோப்புத் தண்ணீர் பட்டாலே எரிகிறது. கோவையிலிருந்து மகள் போன் செய்தாள், மாடு செத்ததை மட்டும் சொன்னேன்.

ஜூன் 10, திங்கள்

டவுனுக்குப் புளி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டர் இளம்பரிதியிடம் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மாட்டு வாயில் கை விட்டுவிட்டார், ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உங்க வீட்டுலயேதான் இருக்காராம்மா?" என்றார் டாக்டர்.

அழுகை வந்துவிட்டது. அழக் கூடாது என்றுதான் போனேன். மணிக்கட்டில் தோல் போனது, முள் கீறல், எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "கேளுங்க. பல்லு பட்டுத் தோல் போயிருக்கு, கீறல்ல எச்சில் பட்டிருக்கு. கடிச்சதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. அன்னைக்கே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவியிருக்கணும். சரி, போனது போகட்டும். நோய் அறிகுறி காட்டிருச்சுன்னா அப்புறம் எங்க கையில ஒண்ணும் கிடையாது. அதுக்கு முன்னாடி போட்டா பொழைச்சுக்கலாம். லேட்டாயிருச்சேன்னு மட்டும் விட்டுராதீங்க. எப்ப கூட்டிட்டு வர்றீங்களோ அப்பவே போடறேன்."

"அறிகுறி எப்பங்க வரும்?"

"மூணு வாரத்துலயும் வரும், மூணு மாசத்துலயும் வரும். சொல்ல முடியாதும்மா. முதல்ல தண்ணி குடிக்க முடியாது. தண்ணியப் பாத்தாலே தொண்டை இழுக்கும்."

புளி வாங்க மறந்துவிட்டேன். "புளி எங்க?" என்று கேட்டார். ஊரில் புளியே இல்லை என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

பூசாரி ராக்கியப்பனிடம் போய், ஒருத்தர் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டால் திருப்பி வாங்க வழி உண்டா என்று கேட்டேன். "இருக்குது அம்மிணி. ஒரு சேவலக் கொண்டாந்து, மறுக்காச் சூடம் ஏத்தி, நெசத்தச் சொல்லி அணைக்கோணும். ஆனா அமாவாசைக்குத்தான்." அமாவாசைக்கு இன்னும் இருபத்திநாலு நாள் இருக்கிறது. நோய் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டா வரும் என்று கேட்டேன். சாமி காரியத்தில் அவசரப்படக் கூடாதாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. மூன்றாம் தேதி எழுதியது முழுசாக நிஜம் இல்லை. இவர் வேலியிலிருந்து களைத்து வந்து, மாட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ சரியாப் படல கலா, டாக்டரம்மாளக் கூப்புட்டுரலாமா?" என்றுதான் கேட்டார். நான்தான், "ஊரு மாட்டுக்கெல்லாம் ஓடி ஓடிக் கைய வுடறீங்க, நம்மூட்டு மாட்டுக்கு மட்டும் டாக்டரா? வேடிக்க பாத்துட்டு நிக்காம உள்ள வுட்டுப் பாருங்க" என்றேன். மாங்கொட்டை என்று சொன்னதும் நான்தான்.

டாக்டரம்மா கேட்டபோது இவர் ஏன் என்னைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. திட்டியாவது தொலைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 12, புதன்

காலையில் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். பத்து மணிக்கு மோர். மதியம் ஒரு சொம்பு. மாலையில் டீ, பிறகு அரைச் சொம்பு.

"என்ன புள்ள, நான் தண்ணி குடிக்கறதயே பாத்துட்டு நிக்கற?" என்று கேட்டார். வெயில் காலம், குடிங்க என்றேன்.

ஜூன் 13, வியாழன்

காலையில் சொம்பை வாயருகே கொண்டுபோனவர், ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, தொண்டை இழுக்குதா?" என்றேன். "தண்ணியில எறும்பு கெடக்குது, பாக்க மாட்டியா?" என்று கத்திவிட்டு வேலிக்குப் போய்விட்டார். சொம்பைப் பார்த்தேன், எறும்புதான், இரண்டு எறும்பு. இப்படி இன்னும் மூன்று மாதம் சொம்பைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஊற்றப் பால் இல்லாமல் வெறுங்கையோடு சொசைட்டிக்குப் போனேன். கேனும் தூக்குப்போசியுமாக இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மாரப்பண்ணன், "என்ன அம்மிணி, மாடே இல்ல, இங்கென்ன வேல?" என்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "எங்கூட்டுக்காரரு மாட்டு வாயில கை வுட்டாரு. பல்லு பட்டுத் தோலும் போச்சு. அன்னைக்கு அவரு பண்ணுனது பொய்ச் சத்தியம். சீக்குன்னு மட்டும் எங்க ரெண்டு பேத்துக்கும் சத்தியமாத் தெரியாது. இப்ப அந்தச் சத்தியத்துக்குப் பயந்துக்கிட்டு ஊசி போடாமச் சாகக் கெடக்கறாரு. வையறதுன்னா என்னைய வையுங்க, பாலு ஊத்துனது நான். ஆனா அவர எப்படியாச்சும் வண்டியில ஏத்துங்க."

கை விடச் சொன்னது நான்தான் என்பதைச் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அங்கே நேரமில்லை.

யாரும் வையவில்லை. பின்னால் ஒரு கேன் தடாலென்று விழுந்தது. மாரப்பண்ணன் சம்சாரம் வசந்தாமணி அக்கா. பால் வழிந்து ஓடுகிறது, அது ஒரு பக்கம், அந்த அக்கா புருஷன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது. "கேட்டீங்களா? பொம்பள வந்து சொல்றா. நீங்க எப்ப வாயத் தொறக்கறது? சொல்லுங்க! நீங்களும் வுட்டீங்கல்ல?"

எல்லாம் வெளியே வந்தது. போன வாரச் செவ்வாய்க்கிழமை நாங்கள் கீழ்க்காட்டில் இருந்தபோது மாரப்பண்ணன் எங்கள் கட்டுத்தறிக்கு வந்திருக்கிறார். நாங்கள் மாங்கொட்டை என்று பேசியது வேலிக்கு அப்பால் அவர் காதில் விழுந்திருக்கிறது. சென்னியப்பனால் எடுக்க முடியாத மாங்கொட்டையைத் தான் எடுத்துக்காட்டி ஊரில் பேர் வாங்க வேண்டுமாம். கயிற்றை இழுத்துக் கட்டி, நாக்கைப் பிடித்து இழுத்துக் கையை விட்டிருக்கிறார். கதிர் அறுத்த காயம் விரலில் அப்போதே இருந்திருக்கிறது. ஒன்றும் கிடைக்காமல் முடிச்சுப் போட்டுவிட்டு வந்துவிட்டார். கை வைத்தியம் பார்க்கிற தன் மேலும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயம். அதற்காகவே முந்திக்கொண்டு இவரைக் கைகாட்டிச் சத்தியம் கேட்டிருக்கிறார். இவர்களை எல்லாம் பெற்றவர்கள் எதைக் கொடுத்து வளர்த்தார்களோ தெரியவில்லை.

மாரப்பண்ணன் சட்டையை விடுவித்துக்கொண்டு நேராக எங்கள் மேற்கு வேலிக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். "டேய் சென்னியப்பா, கம்பியக் கீழ போடு. நீயும் பொய்யன், நானும் பொய்யன். ஏறு வண்டியில" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். ஏறிவிட்டார்.

டாக்டர் இளம்பரிதி இருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயத்திலேயே போடுகிற சீரம் மருந்து இங்கே இல்லை என்று தாலுகா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துத் தானே போனும் செய்தார். அங்கே இரண்டு தோளிலும் ஊசி, அது போகக் காயம் பட்ட இடத்தைச் சுற்றிச் சுற்றிச் சீரம். சிங்கம் மாதிரி ஊரில் திரிகிற இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பிரசவ வார்டிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

நர்ஸ், "வீட்ல வேற யாருக்காச்சும் எச்சில் பட்டுச்சா?" என்றார். இல்லை என்று நான் சொல்வதற்குள் இவர், "இவளுக்குந்தானுங்க. மொந்தானையில பொழுதுக்கும் எச்சிலத் தொடச்சுக்கிட்டே கெடந்தா. வெரலப் பாருங்க, முச்சூடும் வெடிப்பு" என்று என் கையைப் பிடித்து நீட்டிவிட்டார். பத்து நாளாக இந்த மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் என் விரலை நான் பார்க்கவே இல்லை. இவர் பார்த்திருக்கிறார். தனக்கு வேண்டாத ஊசி எனக்கு மட்டும் வேண்டுமாம்.

எனக்கும் போட்டார்கள். வலி உயிர் போகிறது.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டாவது தவணை. மூன்று பேரும் ஒரே டெம்போவில். போகும்போது, மாடு படுத்துக்கொண்டால் முதலில் பார்க்க வேண்டியது காதா கொம்பா என்று சண்டை. வரும்போதும் அதே சண்டை. ஊசி போட்ட தோளைத் தேய்த்துக்கொண்டே கத்துகிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

டாக்டரம்மா போன் செய்தார். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறிநோய்தான்.

இவரிடம் சொன்னேன். "டாக்டரம்மாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன், நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லோணும்" என்றார். போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். என்ன திட்டு வாங்கினார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

மூன்றாவது தவணை. இவர் ஒரு வாரமாகக் கறி, மீன், கத்தரிக்காய், பூசணிக்காய் எதையும் தொடுவதில்லை. ஊசிக்குப் பத்தியமாம். அப்படி ஒன்றும் கிடையாது, எல்லாம் சாப்பிடலாம், ஊசியைத் தேதி தவறாமல் போட்டால் போதும் என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. "அவருக்கென்ன, சின்னப் பையன்" என்கிறார். போட மாட்டேன் என்று பத்து நாள் அடம் பிடித்த ஆள், இன்று டீக்கடையில் உட்கார்ந்து, பூனை பிறாண்டினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று ஊருக்குப் பாடம் நடத்துகிறார். கேட்கக் கூட்டம் வேறு.

ஜூலை 5, வெள்ளி

அமாவாசை. சேவலோடு கோயிலுக்குப் போனால் பூசாரி இல்லை, மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். போனில் கேட்டால் வருகிற வியாழக்கிழமையும் நல்ல நாள்தானாம். அன்றைக்கு அமாவாசையை விட்டால் ஆகாது என்று சொன்ன அதே வாய். சேவல் விடிய விடியக் கூவுகிறது.

ஜூலை 11, வியாழன்

காலையில் கடைசித் தவணை. டாக்டர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மூணு பேரும் முடிச்சுட்டீங்க. இனிமே பயமில்லாமத் தூங்குங்க. மாட்டுக்குன்னா மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் எதைச் சுமந்துகொண்டிருந்தேன் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. இவர் வண்டியில் இருந்துகொண்டு, "நேரமாச்சு வா" என்று கத்துகிறார்.

மாலையில் கருப்பராயன் கோயில். ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலில் மாரப்பண்ணன் நிஜத்தைச் சொல்லிச் சூடத்தை அணைத்தார். அடுத்தது இவர். பூசாரி சூடத்தை ஏற்றி, "கை வுட்டியா?" என்றார்.

"வுட்டனுங்க."

"யாராச்சும் சொல்லி வுட்டியா, நீயா வுட்டியா? சாமி முன்னால மறைக்கக் கூடாது."

இதை யார் கேட்கச் சொன்னது இந்தப் பூசாரியை?

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் வுட்டேன். யாரும் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே கையைத் தீயின் மேல் கொண்டுபோய்விட்டார். பொய்ச் சத்தியத்தை மீட்க வந்த இடத்தில், எனக்காக இன்னொரு பொய்ச் சத்தியம். எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை, இவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டேன்.

"வேண்டாஞ் சாமி! நான்தான் சொன்னேன். டாக்டரக் கூப்புடலாம்னு அவரு சொன்னாரு. நான்தான் கேக்கல, நான்தான் கைய வுடச் சொன்னேன்."

இவர் முகம் சிவந்துவிட்டது. "உன்ன யாருடி இப்பக் கேட்டா?" என்றார், ஊரே கேட்கும்படி. முப்பது வருஷத்தில் வெளி ஆள் முன்னால் என்னை "டி" போட்டது இதுதான் முதல் தடவை. பூசாரி சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேத்துக்கும் ஒரு சேவல் பத்தாது அம்மிணி" என்றார். மாரப்பண்ணன்தான் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

நான்தான் சூடத்தை அணைத்தேன். உள்ளங்கை லேசாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர் என்னோடு பேசவில்லை. ஊர் முன்னால் பெண்டாட்டி மானத்தைக் காப்பாற்ற விடவில்லை என்று கோபம். சோறு வைத்தேன், சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். சொம்பை எடுத்தார், அண்ணாந்து மடக் மடக்கென்று முழுசையும் குடித்தார், டொக்கென்று வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பேசாவிட்டால் போகட்டும். பேசாமல் இருக்கவாவது ஆள் இருக்கிறாரே.